பனிக்காலத்துக்குக் காரைத் தூங்க வைப்பது எப்படி?

நான் இருப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரத்தில். மூணு வருஷமா ஒவ்வொரு டிசம்பரிலும் ஊருக்குக் கிளம்பி, அம்மாவோட இருந்துட்டு, மார்ச் நடுவுல திரும்பி வர்றேன். அந்த மூணு மாசமும் என் பழைய கார், வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கராஜில் தனியா நிற்கும். ஹீட்டர் இல்லாத, வீட்டோடு ஒட்டாத, மரத்தால் கட்டின பழைய கராஜ். வெளியே மைனஸ் 25 டிகிரின்னா உள்ளேயும் கிட்டத்தட்ட அதேதான்.

முதல் வருஷம் நான் எந்தத் தயாரிப்பும் செய்யவில்லை. செய்ய நேரமில்லை. ராத்திரி பதினோரு மணிக்குத் தங்கச்சி போன் பண்ணினா, அப்பாவுக்கு பக்கவாதம்னு. மறுநாள் காலை விமானத்தில் இருந்தேன். கார் சாவியை இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பரிடம் கொடுத்துட்டுப் போனேன். "அண்ணே, காரப் பத்திக் கவலப்படாதீங்க. வாரம் ஒரு தடவ பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெச்சிடறேன்"னு சொன்னார். சொன்னபடியே செய்தார்.

அப்பா தை மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தார். முப்பதாம் நாள் காரியம் முடிஞ்சு நான் திரும்பி வந்தப்ப காரோட நிலைமை இது: பேட்டரியின் பக்கவாட்டுச் சுவர் உப்பி, ஒரு மூலையில் விரிசல். பின்சக்கரங்கள் பிரேக்கோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தன. ஏசி ஃபில்டர் பெட்டியில் எலிக்கூடு. எஞ்சினுக்கு மேலே போகும் ஒரு ஒயர்க் கட்டு கடிபட்டிருந்தது.

நண்பர் ரொம்ப வருத்தப்பட்டார். "நான்தான் எதையோ தப்பாப் பண்ணிட்டேன் போல"ன்னு இரண்டு மூணு தடவை சொன்னார். இல்லைங்கன்னு நான் சொன்னேன். ஆனா ஏன் இல்லைன்னு அப்போ எனக்கே சொல்லத் தெரியலை. அதுக்கப்புறம் உட்கார்ந்து படிச்சு, அளந்து, கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

பேட்டரி: யார் கொன்றது?

காரை அணைச்சுப் பூட்டிட்டாலும் அதுக்குள்ள சில விஷயங்கள் முழிச்சுக்கிட்டே இருக்கும். திருட்டு அலாரம், ரிமோட் சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்கும் ரிசீவர், கடிகாரம், எஞ்சின் கம்ப்யூட்டரின் நினைவகம். இதெல்லாம் சேர்ந்து இழுக்கும் மின்சாரம் பெரும்பாலான கார்களில் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கும். என் காரில் மல்டிமீட்டர் வெச்சு அளந்தேன். ஏறக்குறைய 30 மில்லி ஆம்பியர்.

கேட்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு இல்லையா? கணக்குப் போடுவோம். 0.03 ஆம்பியர், ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். பெருக்கினால் சுமார் 5 ஆம்பியர்-மணி. என் பேட்டரியின் கொள்ளளவு 60 ஆம்பியர்-மணி. அதாவது காரை யாருமே தொடாமல் விட்டிருந்தாலும் பன்னிரண்டே வாரத்தில் பேட்டரி காலி. நான் போயிருந்தது பதிமூணு வாரம்.

சரி, நண்பர் வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணாரே, அது ஏன் உதவவில்லை? ஸ்டார்ட்டர் மோட்டார் இரண்டு மூணு விநாடிக்கு 200 ஆம்பியர் வரை இழுக்கும். நேரம் குறைவு என்பதால் மொத்தத்தில் அது 0.2 ஆம்பியர்-மணிக்கும் குறைவுதான். பிரச்சினை அதுவல்ல, திரும்ப ஏறுவதில்தான் இருக்கிறது. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினில் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றும். ஹீட்டர் விசிறி, விளக்கு, பின்கண்ணாடி சூடேற்றி எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். அதுக்கும் மேல, குளிர்ந்து போன பேட்டரிக்குள் வேதிவினை மந்தம். கொடுத்தாலும் வேகமாக வாங்கிக்கொள்ளாது. தாராளமாக 10 ஆம்பியர் ஏறியதாக வைத்துக்கொண்டாலும் பத்து நிமிஷத்துக்கு 1.7 ஆம்பியர்-மணி. ஸ்டார்ட்டுக்கான செலவு போக மிச்சம் 1.5.

வாரச் செலவு 5, வரவு 1.5. வாரா வாரம் 3.5 நஷ்டம். நான் கிளம்பும்போது பேட்டரி 80 சதவீதம் இருந்திருக்கும்னு வைங்க, 48 ஆம்பியர்-மணி. எட்டு வாரத்தில் 28 போய், மிச்சம் 20. மூன்றில் ஒரு பங்கு. கடுங்குளிரில் பேட்டரியால் அந்த மிச்சத்தையும் முழுசாகக் கொடுக்க முடியாது; எஞ்சின் ஆயிலோ கெட்டியாகி ஸ்டார்ட்டருக்கு வேலையை அதிகமாக்கும். எனவே ஒன்பதாவது வாரம் கார் ஸ்டார்ட் ஆகாது.

இந்தக் கணக்கை நண்பரிடம் காட்டினப்ப அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம்தான் சொன்னார்: "ஆமாண்ணே. பிப்ரவரி ரெண்டாவது வாரம் ஸ்டார்ட் ஆகல. அப்பா தவறின நேரம். உங்களுக்குப் போன் பண்ணி இதப் போய்ச் சொல்லணுமான்னு விட்டுட்டேன்."

ஒன்பதாவது வாரம். அவர் தப்பே பண்ணவில்லை. சொல்லப்போனால் அவர் ஸ்டார்ட் பண்ணதால் பேட்டரி சில வாரம் கூடுதலாகத் தாங்கியது. கொன்றது, கிளம்பும்போது நெகட்டிவ் முனையைக் கழற்றாமல் போன நான். பத்து மில்லிமீட்டர் ஸ்பானரும் இரண்டு நிமிஷமும் போதும் அந்த வேலைக்கு.

காலியான பேட்டரி ஏன் உறைகிறது?

ஈய-அமில பேட்டரியை பிரான்ஸைச் சேர்ந்த காஸ்தோன் பிளாந்தே 1859ல் உருவாக்கினார். இன்றைக்கும் பெரும்பாலான கார்களில் அதே அடிப்படைதான். ஈயத் தகடுகள், நடுவில் கந்தக அமிலமும் தண்ணீரும் கலந்த திரவம். பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது அமிலம் தகடுகளோடு வினைபுரிந்து ஈய சல்பேட்டாக மாறுகிறது. திரவத்தில் மிஞ்சுவது மேலும் மேலும் தண்ணீர்.

அமிலம் நிறைய இருக்கும்போது திரவம் சுலபமாக உறையாது. முழு சார்ஜில், ஒப்படர்த்தி 1.265 இருக்கும்போது, உறைநிலை மைனஸ் 57 டிகிரிக்கு அருகில். மினியாபொலிஸில் 2019 ஜனவரி கடைசியில் மைனஸ் 33 வரை போனது. அதுகூட அந்த பேட்டரியை ஒன்றும் செய்யாது. ஒப்படர்த்தி 1.150க்கு இறங்கினால் உறைநிலை மைனஸ் 15. 1.100ன்னா மைனஸ் 8 டிகிரியே போதும். மூணில் ஒரு பங்கு சார்ஜோடு நின்ற என் பேட்டரி உறைய ஒரு சாதாரண பிப்ரவரி ராத்திரி போதுமானதாக இருந்திருக்கும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரியும். பிளாஸ்டிக் பெட்டி அதைத் தாங்காது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் கொஞ்சம் விசித்திரமானது. பேட்டரிக்குக் குளிர் எதிரி இல்லை. காலியாக இருப்பதுதான் எதிரி. முழுசாகச் சார்ஜ் ஆன பேட்டரிக்குக் குளிர் நல்லதுன்னே சொல்லலாம். தானாக இறங்கும் வேகம் குளிரில் குறைகிறது.

இப்போ நான் செய்வது: முழுசாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வுக்குப் பிறகு மீட்டரில் 12.6 வோல்டுக்கு மேல் இருக்கான்னு பார்க்கிறேன். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் கழற்றி, பேட்டரியை வீட்டு நிலவறையில் கொண்டுபோய் வைக்கிறேன். கனமானது, முதுகு பத்திரம். கராஜில் பிளக் பாயின்ட் இருப்பவர்கள் காரிலேயே விட்டு, பேட்டரி மெயின்டெய்னர் எனும் சின்னக் கருவியை மாட்டிவிடலாம். அது மின்னழுத்தத்தைக் கவனித்து, தேவைப்படும்போது மட்டும் கொஞ்சம் ஏற்றும். ஒரே மாதிரி தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்கும் பழைய வகை டிரிக்கிள் சார்ஜரை மூணு மாதம் விட்டுப் போகாதீர்கள், திரவம் வற்றிவிடும்.

கான்கிரீட் தரையில் பேட்டரியை வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும்னு ஒரு பேச்சு உண்டு. மரப்பெட்டியில் பேட்டரி செய்த காலத்தில் ஈரம் ஊறி அப்படி நடந்திருக்கிறது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது.

இன்னொண்ணு. பேட்டரியைக் கழற்றும் முன் டிக்கி, கதவு எல்லாம் மின்சாரம் இல்லாமல் சாவியால் திறக்குமான்னு பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி டிக்கிக்குள் இருக்கும் கார்களில் இதை மறந்தால் பெரிய கூத்தாகிவிடும்.

பத்து நிமிஷ ஸ்டார்ட்டில் வேறொரு கெடுதல்

பேட்டரி விஷயத்தில் நண்பரின் வேலை கெடுதல் இல்லைன்னு சொன்னேன். எஞ்சின் ஆயில் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும். எரியும்போது ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. எவ்வளவு தண்ணீர்? ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்! முதலில் நான் நம்பவில்லை. ஆக்டேன் சமன்பாட்டை எழுதிப் பார்த்தேன். 114 கிராம் ஆக்டேன் எரிந்தால் 162 கிராம் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். தண்ணீர் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். சரியாகத்தான் வருகிறது.

இதில் பெரும்பகுதி நீராவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். ஆனால் எஞ்சின் குளிர்ந்திருந்தால் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். கொஞ்சம் சைலன்சருக்குள் தேங்கும். கூடவே எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலக்கும். வண்டியை ரோட்டில் இருபது முப்பது நிமிஷம் நல்லா ஓட்டினால் ஆயில் சூடேறி இதெல்லாம் ஆவியாகிப் போகும். மைனஸ் 20ல் நின்ற இடத்தில் பத்து நிமிஷம் ஓட்டினால் ஆயில் வெதுவெதுப்பைக்கூட எட்டாது. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் தண்ணீரைச் சேர்த்துவிட்டு அணைப்பதுதான் நடக்கும்.

மூடிய கராஜில் எஞ்சினை ஓட்டுவது உயிருக்கே ஆபத்து என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நண்பர் கதவைத் திறந்து வெச்சுத்தான் ஓட்டினார். எனக்குக் கிளம்பும் அவசரத்தில் அதைச் சொல்லணும்னுகூடத் தோணலை. இன்னிக்கும் அதை நெனச்சா வயிறு கலங்கும்.

ஆகவே என் விதி: ஓட்டுவதானால் ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டு, இல்லையென்றால் தொடாதே. நிறுத்தும் முன்பே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுகிறேன். ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும். மூணு மாதம் பேரிங்குகள் அதில் ஊறிக் கிடக்க வேண்டாம்.

பெட்ரோல்

மூணு மாதத்துக்கு பெட்ரோல் பெரிய தலைவலி இல்லை. ஆறு மாதம் என்றால் யோசிக்க வேண்டும். பெட்ரோலில் இருக்கும் லேசான பொருட்கள் ஆவியாகிப் போகும். மிச்சம் காற்றோடு வினைபுரிந்து பிசின் மாதிரி ஆகும். அந்தப் பிசின் இன்ஜெக்டரின் நுண்ணிய துளைகளில் போய் உட்காரும்.

இங்கே சாதாரண பெட்ரோலில் சுமார் 10 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓரளவு வரை தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். குளிர் கூடக்கூட அந்த எல்லை குறையும். மினசோட்டாவில் பழைய சேகரிப்புக் கார்கள், படகுகள், புல் வெட்டும் எந்திரங்களுக்காக எத்தனால் கலக்காத பெட்ரோலைத் தனியாகவே விற்கிறார்கள். காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது எளிது. டேங்கைக் கிட்டத்தட்ட முழுசாக நிரப்புங்கள். காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும். நிலைப்படுத்தும் திரவத்தைப் பாட்டிலில் சொன்ன அளவு முதலில் ஊற்றி, அதன் மேல் பெட்ரோல் அடித்தால் நன்றாகக் கலக்கும். பங்க்கிலிருந்து வீடு வரை ஓட்டி வருவதற்குள் அது இன்ஜெக்டர் வரை போய்ச் சேர்ந்துவிடும்.

கூலன்ட்: கூடுதல் என்றால் நல்லதில்லை

அப்பா அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக். ரேடியேட்டர்னா பச்சைத் தண்ணிதான் அவருக்கு. இங்கே வந்திருந்தப்ப கூலன்ட் பாட்டிலைப் பார்த்துட்டு, "தம்பி, தண்ணிக்கு இவ்வளவு காசா?"ன்னு கேட்டார்.

சும்மா தண்ணீர் இருந்தால் உறைந்து விரிந்து எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். அப்படியானால் தண்ணீரே சேர்க்காமல் முழுக்க கிளைக்கால் ஊற்றினால் இன்னும் நல்லதுதானே? இல்லை. சுத்தமான எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13லேயே உறையும். இரண்டு மூலக்கூறுகளும் கலந்திருக்கும்போது ஒன்று மற்றொன்றைப் படிகமாக அடுக்கவிடாமல் தடுக்கிறது. தனித்தனியாக விட்டால் இரண்டும் சீக்கிரமே உறையும். இதை அப்பாகிட்ட சொன்னப்ப ரொம்ப ரசிச்சார்.

கலவை சரியா இருக்கான்னு பார்க்க மிதவைமானி மலிவாகக் கிடைக்கிறது. கண்ணாடி கழுவும் திரவத்தையும் பாருங்கள். கோடையில் ஊற்றிய மிச்சம் இருந்தால் அது உறைந்து டப்பாவை உடைத்துவிடும்.

உப்பு

இங்கே நவம்பரிலேயே பனி விழ ஆரம்பிச்சுடும். ரோட்டில் பனி உருக உப்பு போடுவார்கள். நம்ம சமையல் உப்பேதான், சோடியம் குளோரைடு. சுமார் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே அதன் வேகம் மிகவும் குறைந்துவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு இவற்றையும் பயன்படுத்துவார்கள்.

உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கரையும். சோடியம் குளோரைடுக்கு அதற்கு 75 சதவீத ஈரப்பதம் வேண்டும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது நமக்கு உலர்ந்த காற்றாகத் தெரிவதுகூட காரின் அடிப்பாகத்தை ஈரமாகவே வைத்திருக்கும். துருப்பிடிப்பதும் ஒரு வேதிவினை. சூடு கூடினால் வேகம் கூடும். ஆகவே உப்போடு வந்த காரைக் கழுவாமல் சூடான கராஜில் விடுவது, வெளியே குளிரில் விடுவதைவிட மோசம்.

கிளம்பும் வாரத்தில் வெயில் அடித்து, பூஜ்ஜியத்துக்கு மேல் போகும் ஒரு நாளைப் பிடித்து அடிப்பாகத்தோடு சேர்த்துக் கழுவிவிடுகிறேன். பிறகு சும்மா கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை அங்கங்கே மிதித்துக் காயவைத்துத்தான் கராஜுக்குள் விடுவேன்.

பிரேக்கும் டயரும்

கைப்பிரேக்கை இழுத்துத்தான் வண்டியை நிறுத்தணும், அதுதான் ஒழுங்குன்னு பழகின கை. அந்த ராத்திரியும் இழுத்துட்டுத்தான் போனேன். மூணு மாசம் ஈரத்தில் பிரேக் ஷூவும் டிரம்மும் அழுத்தி நின்று துருவால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்கத் தட்டித் தட்டிப் பார்த்து, ஒரு பக்கத்து ஷூ கிழிந்தே வந்தது. நீண்ட நாள் நிறுத்தும்போது கைப்பிரேக் வேண்டாம். கியரில் விட்டு, ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

டயரில் காற்றழுத்தம் ஒவ்வொரு 5.6 டிகிரி செல்சியஸ் குறைவுக்கும் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். பிளஸ் 15ல் நிரப்பிய காற்று மைனஸ் 25ல் 7 பிஎஸ்ஐ குறைந்திருக்கும். ஒரே இடத்தில் பாரம் அழுத்தி, அந்த இடம் தட்டையாகிவிடும். அதனால் வழக்கத்தைவிட ஐந்தாறு பிஎஸ்ஐ கூட்டி நிரப்புகிறேன். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்சத்தைத் தாண்டக்கூடாது.

எலி

கடைசியாக, என்னைப் பொறுத்தவரை பெரிய நஷ்டம்.

காட்டு எலிகளுக்கு ஒரு பேனா நுழையும் ஓட்டை போதும். குளிரில் அவை தேடுவது மூன்று: காற்றுப் படாத இடம், கூட்டுக்குப் பஞ்சு, கடிக்க ஏதாவது. கார் மூன்றையும் தருகிறது. காற்று உள்ளே போகும் வழி, புகைக்குழாய், ஏசி காற்று வரும் வழி ஆகியவைதான் நுழைவாயில்கள்.

இப்போ காற்று நுழையும் வாயையும் புகைக்குழாயையும் உருக்குக் கம்பளி நார் வைத்து அடைக்கிறேன். எலியால் அதைக் கடிக்க முடியாது. அடைத்த இடங்களில் சிவப்பு நாடா தொங்கவிட்டு, "அடைப்பை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணாதே"ன்னு சீட்டு எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிடுவேன். காருக்குள் ஒரு பிஸ்கட் தூள்கூட விடுவதில்லை. கராஜ் சுவரோரம் எலிப்பொறிகள். புதினா எண்ணெய், வாசனைத் துணி இதெல்லாம் பலர் சொல்வார்கள். வாசனை சில வாரத்தில் போய்விடும், எலி போகாது.

எலிக்கூட்டைச் சுத்தம் செய்வதில் நான் பண்ணின தப்பை நீங்க பண்ணாதீங்க. வாக்குவம் கிளீனரை எடுத்து உறிஞ்சினேன். வட அமெரிக்காவின் மான் எலிகள் ஹான்டா வைரஸைச் சுமக்கக்கூடியவை. 1993ல் அமெரிக்காவின் தென்மேற்கில் பலர் நுரையீரல் பாதித்து இறந்தபோதுதான் அந்த வகை வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. காய்ந்த எச்சத்தைத் தூசியாகக் கிளப்பினால் மூச்சோடு உள்ளே போகும். சரியான முறை: கதவுகளைத் திறந்து காற்றோட விட்டு, கையுறை போட்டு, பிளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து நன்றாக ஊறவிட்டு, ஈரத்தோடு காகிதத்தால் துடைத்து எடுப்பது.

கடிபட்ட ஒயர்க் கட்டுன்னு சொன்னேன். அதுக்கு முந்தின கோடையில் அப்பா இங்கே வந்து ஆறு வாரம் இருந்தார். எஞ்சின் மேலே ஒரு ஒயர் உறை தேய்ஞ்சு இருக்குன்னு பார்த்துட்டு, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்துச் சுத்தினார். பாதிக்குப் பாதி மேலேறி, ஒரு சுருக்கம் இல்லாமல், நாற்பது வருஷக் கை. "தம்பி, ஓடுற வண்டிக்கு நோய் வராது. நிக்கிற வண்டிக்குத்தான் வரும்"னு அப்போ சொன்னார். எலி கடிச்சது அந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி. ஆனா மெக்கானிக் கட்டையே மாத்தணும்னு சொல்லிட்டார். பழைய கட்டைக் கேட்டு வாங்கி, டேப் சுத்தின துண்டை மட்டும் வெட்டி மேஜை இழுப்பறையில் வெச்சிருக்கேன்.

மற்றவை, சுருக்கமாக

காரை மூட பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம். ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். காற்று போய்வரும் துணி உறை போதும். கராஜுக்குள் தூசி இல்லையென்றால் உறையே தேவையில்லை.

இன்சூரன்ஸை மொத்தமாக நிறுத்தாதீர்கள். தீ, திருட்டு, கூரை சரிவது எல்லாம் நிற்கும் காருக்கும் நடக்கும். ஓட்டுவதற்கான பகுதியைக் குறைக்க முடியுமான்னு நிறுவனத்திடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குறைத்திருந்தால் அது திரும்ப ஏறும் வரை தெருவில் இறக்கக்கூடாது.

திரும்பி வந்த பிறகு

எழுப்புவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஸ்டீயரிங் சீட்டைப் படி. நாடாக்களை எண்ணி, அடைப்புகளை எடு. எஞ்சின் மூடியைத் திறந்து கூடு இருக்கிறதா, ஒயர் கடிபட்டிருக்கிறதா என்று பார். காருக்கடியில் எண்ணெய், கூலன்ட் கசிவு இருக்கிறதா என்று பார். பேட்டரியை மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். டயர் காற்றைப் பழைய அளவுக்குக் கொண்டு வா. கராஜ் கதவை முழுசாகத் திறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணு. ஆயில் விளக்கு அணைந்ததும் மெதுவாக வெளியே எடுத்து, பிரேக்கை இரண்டு மூணு தடவை மிதித்துப் பார். டிஸ்க்கில் படிந்த மேல் துரு கொஞ்ச தூரம் கரகரன்னு சத்தம் போடும். அது தானாகப் போய்விடும். பிறகு அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டு.

இந்த எல்லா வேலையும் சேர்த்துக் கிளம்பும் முன் ஒரு சனிக்கிழமை மதியம்தான் ஆகிறது. ஆனால் எல்லாருக்கும் அந்தச் சனிக்கிழமை கிடைக்கும்னு சொல்ல முடியாது. என்னை மாதிரி ராத்திரி போன் வந்து, சில மணி நேரத்தில் கிளம்ப வேண்டியவர்கள் இங்கே நிறையப் பேர். அவங்களுக்காக: மூணே வேலை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்க. கைப்பிரேக்கை விட்டுடுங்க. நண்பர்கிட்ட ஸ்டார்ட் பண்ணச் சொல்லாதீங்க, எலிப்பொறி வைக்கச் சொல்லுங்க. மொத்தம் ஐந்து நிமிஷம்.

போன இரண்டு வருஷமும் மார்ச்சில் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆச்சு. நண்பர் இப்பவும் வாரம் ஒரு தடவை கராஜுக்கு வருவார். பொறியைப் பார்ப்பார், காரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், சாவியைத் தொடுவதில்லை. எல்லாம் சரியாக இருந்தால் எனக்கு ஒரு படம் அனுப்புவார். இல்லைன்னாலும் அனுப்பணும், எந்த நேரமா இருந்தாலும் சரின்னு சொல்லி வெச்சிருக்கேன்.